அழுக்குப் பூசினால்தான் அழகு! அரைத் தீக்குச்சி உயர மனிதர்கள் வாழும் ரயில் கிராமம்

லண்டன் பேடிங்டன் ஸ்டேஷனில் ரயில் ஏறினால், முக்கால் மணி நேரத்தில் டிட்காட் வந்துவிடும். இங்கே இறங்கும் வெளியூர்க்காரர்களில் பலர் ஆக்ஸ்ஃபோர்டுக்கு வண்டி மாறத்தான் இறங்குகிறார்கள். பிளாட்ஃபாரத்தில் நின்று மொபைலைப் பார்த்துவிட்டு, அடுத்த வண்டியில் ஏறிப் போய்விடுகிறார்கள்.

அவர்கள் தவறவிடுவது இரண்டு இடங்களை. ஒன்று, ஸ்டேஷன் சுரங்கப்பாதையிலிருந்தே நடந்து போகக்கூடிய டிட்காட் ரயில்வே சென்டர். இன்னொன்று, அங்கிருந்து சில மைல் தள்ளி லாங் விட்டன்ஹாம் என்ற சின்ன கிராமத்தில் இருக்கும் பெண்டன் மியூசியம். முதல் இடத்தில் நிஜ நீராவி இன்ஜின்கள். இரண்டாவது இடத்தில் ஒரு நாட்டுப்புறமே மேஜைமேல் அடங்கியிருக்கிறது. ஒரே நாளில் இரண்டையும் பார்க்கலாம். முதலில் டிட்காட், பிறகு பெண்டன் என்ற வரிசையில் போவது நல்லது. காரணம் போகப் போகப் புரியும்.

நான்கு சக்கரக் குட்டி இன்ஜின்

டிட்காட்டில் இருப்பது 1932-ல் கட்டப்பட்ட இன்ஜின் ஷெட். 1961-ல் சில பள்ளி மாணவர்கள் சேர்ந்து ஆரம்பித்த கிரேட் வெஸ்டர்ன் சொசைட்டி, 1967-ல் இங்கே குடிவந்தது. பச்சை வண்ணம், செம்பு விளிம்பு வைத்த புகைபோக்கி, பித்தளைப் பெயர்ப்பலகை என்று மாப்பிள்ளை கோலத்தில் நிற்கும் பெரிய எக்ஸ்பிரஸ் இன்ஜின்கள் முன்னால்தான் செல்ஃபி கூட்டம்.

ஆனால், கொஞ்சம் தேடினால் ‘ட்ரோஜன்’ என்ற குட்டி இன்ஜின் கண்ணில் படும். மொத்தம் நான்கே சக்கரங்கள். குதிரை முதுகில் சேணம் போட்டாற்போல, பாய்லர்மேல் கவிழ்ந்து உட்கார்ந்திருக்கும் தண்ணீர்த் தொட்டி. அதனாலேயே இந்த வகைக்கு ‘சேடில் டேங்க்’ என்று பெயர். 1897-ல் பிரிஸ்டல் நகரத்தின் ஏவன்சைடு கம்பெனி தயாரித்தது.

இதன் வாழ்க்கை வரலாறு ஒரு மெகா சீரியல். முதலில் வேல்ஸ் நாட்டின் நியூபோர்ட் துறைமுகத்தில் சரக்கு வேகன் தள்ளும் வேலை. 1923-ல் கிரேட் வெஸ்டர்ன் ரயில்வே அந்தத் துறைமுக ரயில்பாதையை எடுத்துக்கொண்டபோது, ட்ரோஜனும் கூடவே போய் 1340 என்ற நம்பர் வாங்கியது. சில வருடங்களில் ரயில்வே அதை வேண்டாமென்று விற்றுவிட்டது. அடுத்து ஒரு நிலக்கரிச் சுரங்கம். 1947-ல் டாம்வொர்த் ஊரில் ஒரு காகித ஆலை. கடைசியில் ரசிகர்கள் மீட்டெடுத்து இங்கே கொண்டுவந்தார்கள்.

பிரிட்டனில் இப்படிப்பட்ட இன்ஜின்கள் ஆயிரக்கணக்கில் இருந்தன. டைம்டேபிளில் இவற்றுக்கு இடமில்லை. டிக்கெட் வாங்கி யாரும் இவை இழுத்த வண்டியில் ஏறியதில்லை. சுரங்கம், இரும்பாலை, கல் குவாரி, சர்க்கரை ஆலை, துறைமுகம் என்று மதில் சுவருக்குள்ளேயே பிறந்து, உழைத்து, துருப்பிடித்துப் போனவை. ஆலைகளுக்குள் வளைவுகள் மிகக் குறுகல் என்பதால், சக்கரங்களுக்கிடையே தூரம் குறைவாக வைத்துச் செய்தார்கள். தீப்பொறி பட்டால் ஆபத்து என்கிற வெடிமருந்துத் தொழிற்சாலை, காகித ஆலை போன்ற இடங்களுக்கு நெருப்பே இல்லாத இன்ஜின்கூட உண்டு. ஆலையின் பெரிய பாய்லரிலிருந்து நீராவியைக் குழாய் வழியே நிரப்பிக்கொண்டு, அது தீரும்வரை ஓடும். பெட்ரோல் பங்க்கில் டேங்க் நிரப்புவது மாதிரிதான்.

இரண்டாம் உலகப் போருக்காக ஹன்ஸ்லெட் கம்பெனி வடிவமைத்த ‘ஆஸ்டெரிட்டி’ என்ற ஆறு சக்கர சேடில் டேங்க் மட்டும் 1943 முதல் 1964 வரை மொத்தம் 485 தயாரிக்கப்பட்டன. போர் முடிந்ததும் அவற்றில் நிறைய சுரங்கங்களுக்குப் போய்ச் சேர்ந்தன. பிரிட்டிஷ் ரயில்வேயின் நீராவி யுகம் 1968 ஆகஸ்டில் முடிந்துவிட்டதாகப் பொதுவாகச் சொல்வார்கள். ஆனால், சுரங்கங்களுக்குள் இந்த இன்ஜின்கள் 1980-கள் வரைக்கும் புகை விட்டுக்கொண்டிருந்தன.

எந்த அழுக்கு?

ட்ரோஜனை ஒருவர் உள்ளங்கையளவு மாடலாகச் செய்ய நினைக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். அளவெடுத்து, பித்தளைத் தகடு வெட்டி, சால்டர் வைத்து, பெயின்ட் அடித்து முடித்தாயிற்று. பளபளவென்று மின்னுகிறது. பார்த்தால் பொம்மை மாதிரியே இருக்கிறது. அதுதான் பிரச்னை.

நிஜ இன்ஜினை பொம்மையிலிருந்து பிரித்துக் காட்டுவது அழுக்கு. வெயில், மழை, கரி, எண்ணெய், துரு எல்லாம் சேர்ந்து வருடக்கணக்கில் செய்யும் வேலையை, சில மணி நேரத்தில் பிரஷ்ஷால் செய்துகாட்டும் கலைக்கு ‘வெதரிங்’ என்று பெயர். ரயில் மாடல் செய்பவர்கள் மத்தியில் இது தனி வித்தை. இன்ஜின் கட்டுவதில் கெட்டிக்காரராக இருப்பவர்கூட வெதரிங் என்றால் தயங்குவார். ஆறு மாத உழைப்பின்மேல் சேற்றைப் பூச யாருக்குத்தான் கை வரும்!

முதலில் எழும் கேள்வி, எந்த அழுக்கு என்பது. துறைமுக ட்ரோஜன்மேல் உப்புக்காற்றின் துரு. சுரங்க ட்ரோஜன்மேல் நிலக்கரித் தூள். ஒரே இன்ஜின்தான், ஆனால் எந்த வருடம், எந்த ஊர் என்று முடிவு செய்யாமல் பிரஷ்ஷைத் தொடக் கூடாது. அதனால், தேர்ந்த மாடல்காரர்கள் பழைய போட்டோ ஒன்றைப் பக்கத்தில் வைத்துக்கொள்ளாமல் வேலையை ஆரம்பிப்பதில்லை.

அழுக்குக்கும் ஒரு கணக்கு உண்டு. கரி என்றால் கறுப்பு என்று நினைத்து கறுப்பு பெயின்ட்டை அள்ளிப் பூசுவது புதியவர்கள் செய்யும் முதல் தப்பு. வெளிச்சத்தில் பார்த்தால் புகைக்கரி பழுப்பும் சாம்பலும் கலந்த நிறம். சக்கரங்களுக்குப் பக்கத்தில் பிரேக் கட்டை தேய்ந்த இரும்புத்தூள் துருவேறி, காவியும் பழுப்புமாகப் படியும். புகைபோக்கிக்குக் கீழே இருக்கும் வட்டக் கதவு, உள்ளே சூடான சாம்பல் குவிவதால் அடிப்பக்கம் பெயின்ட் வெந்து கொப்பளிக்கும். தண்ணீர் நிரப்பும் மூடியிலிருந்து வழிந்த தடம், தொட்டியின் பக்கவாட்டில் கோடு கோடாக இறங்கும். பாய்லரில் நீராவி கசிகிற இடங்களிலெல்லாம் வெள்ளைப் படிவு. போர்வெல் தண்ணீர் பிடிக்கும் பிளாஸ்டிக் குடத்தில் நம் வீட்டில் படிகிறதே, அதே உப்புதான். சக்கரங்களை இணைக்கும் இரும்புத் தண்டுகளில் மட்டும் துருவே இருக்காது. தினமும் எண்ணெய் விடுவதால் அங்கே ஈரப் பளபளப்பு.

இதைக் கொண்டுவரும் முறை கேட்பதற்கு எளிது. பெயின்ட்டை நிறைய தின்னர் விட்டுத் தண்ணீர்போல் கரைத்து மேலே ஓட விடுவார்கள். ஆணி, மூட்டு, இடுக்குகளில் அது போய்த் தங்கும். மேற்பரப்பில் இருப்பதை மேலிருந்து கீழாகத் துடைத்து எடுப்பார்கள். மழை எப்போதும் மேலிருந்துதானே பெய்கிறது, குறுக்கே துடைத்தால் காரியம் கெட்டது. பிறகு பிரஷ்ஷில் பெயின்ட் தொட்டு, பேப்பரில் துடைத்துவிட்டு, கிட்டத்தட்ட உலர்ந்த பிரஷ்ஷால் விளிம்புகளை வருடுவார்கள். மேலே ஏர்பிரஷ்ஷில் பனிபோல ஒரு தூவல். கடைசியாக, நைஸாக அரைத்த வண்ணப்பொடி. பூசுவதைவிடத் துடைத்து எடுப்பதில்தான் சூட்சுமம்.

இந்த அழுக்குக்குள் மனிதர்களின் கதையும் இருக்கிறது. அந்தக் காலத்தில் ரயில்வே வேலைக்குச் சேரும் பையன்கள் முதலில் இன்ஜின் துடைப்பவர்களாகத்தான் சேர்ந்தார்கள். அப்புறம் கரி அள்ளிப் போடும் ஃபயர்மேன், பல வருடங்கள் கழித்து டிரைவர். துடைக்க ஆள் இருந்தவரை எக்ஸ்பிரஸ் இன்ஜின்கள் கண்ணாடியாக மின்னின. போருக்குப் பிறகு ஆள் கிடைக்கவில்லை, அழுக்கு ஏறியது. 1960-களின் கடைசிப் படங்களில் இன்ஜினின் நிறமே தெரியாது. ஆலை இன்ஜின்களிலோ கதை வேறு. ஒரே டிரைவர், ஒரே வண்டி என்று இருந்த இடங்களில், உடம்பெல்லாம் கரி படிந்திருக்க, பெயர்ப்பலகை மட்டும் பளிச்சென்று இருக்கும். டிரைவர் தன் கையால் துடைத்தது. அந்த ஒரு பலகையைப் பளிச்சென்று விட்டுவைக்கத் தெரிந்தவரின் மாடல், பார்ப்பவரை நிறுத்திவிடும்.

கூரை பிரிக்கும் முன்னால்...

டிட்காட்டிலிருந்து லாங் விட்டன்ஹாம் போகும் பாதை வயல்வெளி வழியே போகிறது. பக்கத்தில் தேம்ஸ் நதி. வைக்கோல் கூரை வீடுகள் இன்னும் சில இருக்கின்றன. மியூசியம் வெளியிலிருந்து பார்த்தால் பெரிதாக ஒன்றும் இல்லை.

உள்ளே போனால், கதை 1925-ல் ஆரம்பிக்கிறது. ராய் இங்லண்ட் என்ற இளைஞர் ஆஸ்திரேலியாவிலிருந்து இங்கிலாந்து வந்தார். (ஆமாம், அவர் பெயரே இங்லண்ட்தான்.) ரயில் பைத்தியம். ஆனால், அவரை மயக்கியது ரயில் போகும் வழியில் இருந்த கிராமங்கள். ‘வேல் ஆஃப் ஒயிட் ஹார்ஸ்’ என்ற அந்தப் பள்ளத்தாக்கில், சுண்ணாம்புக்கல் சுவரும் வைக்கோல் கூரையுமாக நூற்றாண்டுகள் பழைமையான குடிசை வீடுகள்.

அவர் கண்முன்னாலேயே அவை போக ஆரம்பித்தன. கூரையைப் பிரித்துவிட்டு ஆஸ்பெஸ்டாஸ் போட்டார்கள். சில வீடுகளை இடித்தே விட்டார்கள். அங்கே வாழ்ந்தவர்களைக் குறை சொல்வதற்கில்லை. ஒழுகும் கூரைக்குக் கீழே குடியிருப்பவருக்குத்தான் அந்தக் கஷ்டம் தெரியும். ஆனால், ஒரு வீடு போனால் அது இருந்ததற்குச் சாட்சியே இல்லாமல் போகிறது என்பது ராய்க்குத் தாங்கவில்லை. வீடுகளை அளந்தார், போட்டோ எடுத்தார். அப்போது எல்லாம் கறுப்பு வெள்ளைப் படம் என்பதால் சுவரின் நிறம், கதவின் நிறம் எல்லாவற்றையும் குறித்துக்கொண்டார். வீட்டைக் காப்பாற்ற முடியாது, அதன் உருவத்தையாவது காப்பாற்றலாம் என்று அட்டையில் மாடல் செய்யத் தொடங்கினார். 1954-ல் லாங் விட்டன்ஹாமில், முன்பு மதுக்கடையாக இருந்த ஒரு கட்டடத்தில் மியூசியம் பிறந்தது. ஆரம்பத்தில் அதே இடத்தில் இளைஞர் விடுதியும் நடந்தது.

இங்கே எல்லாமே ஒரு கணக்குக்குள் அடக்கம். நிஜத்தில் ஓர் அடி என்றால், மாடலில் 4 மில்லிமீட்டர். அதாவது 76-ல் ஒரு பங்கு. ஆறடி ஆள் 24 மில்லிமீட்டர், ஏறக்குறைய அரைத் தீக்குச்சி. ஒரு மில்லிமீட்டர் துருப்புள்ளி வைத்தால், நிஜத்தில் மூன்று அங்குல ஓட்டை விழுந்த மாதிரி ஆகிவிடும். கை கொஞ்சம் நடுங்கினாலும் போயிற்று.

தண்டவாளத்தில்கூட ஒரு பிடிவாதம். கடைகளில் கிடைக்கும் பிரிட்டிஷ் மாடல் ரயில்களின் தண்டவாள அகலம் 16.5 மில்லிமீட்டர். கணக்குப்படி பார்த்தால் 18.83 இருக்க வேண்டும். பிரிட்டிஷ் ரயில்கள் ஐரோப்பிய ரயில்களைவிடச் சிறியவை. அந்தக் காலத்து மோட்டார் உள்ளே நுழையவில்லை என்பதால், தண்டவாளத்தை விட்டுவிட்டு வண்டியை மட்டும் பெரிதாகச் செய்துவிட்டார்கள். அதனால் கடை ரயில்கள் கால் ஒடுங்கிய ஆள் மாதிரி நிற்கும். பெண்டனில் அதை ஒப்புக்கொள்ளாமல், 18 மில்லிமீட்டரில் தாங்களே தண்டவாளம் அமைத்தார்கள்.

வீடுகள் பெரும்பாலும் அட்டை, வாட்டர்கலர். சுவரில் ஒவ்வொரு செங்கல்லும் தனித்தனியாகக் கீறி, தனித்தனியாக நிறம் தீட்டப்பட்டது. பக்கத்துப் பக்கத்துச் செங்கற்கள் ஒரே நிறத்தில் இருக்காது, நிஜச் சுவரிலும் அப்படித்தானே. கூரைக்கு, பிளம்பர்கள் குழாய் மரையில் சுற்றும் சணல் நார். ஜன்னலுக்குள் எட்டிப் பார்த்தால் மேஜை, நாற்காலி. கொல்லையில் முட்டைக்கோஸ் பாத்தி. கொலுவில் பார்க் கட்டி, கேழ்வரகு முளைக்கவிட்டு, குளத்தில் வாத்து விட்டவர்களுக்கு இந்தச் சந்தோஷம் புரியும். இவர்கள் அதை 70 வருடங்களாகச் செய்துகொண்டிருக்கிறார்கள், அவ்வளவுதான் வித்தியாசம்.

ஒரு வீட்டுக்கு நூற்றுக்கணக்கான மணி நேரம் ஆகும். செய்பவர்கள் பெரும்பாலும் தன்னார்வலர்கள். ராய் 1995-ல் காலமானார். கை வைத்தது முடியவில்லை, இன்றும் தொடர்கிறது. வெதரிங் கலை இங்கே உச்சத்தில் இருப்பது இன்ஜின்களில் அல்ல, இந்தச் சுவர்களில்தான் என்று அடித்துச் சொல்லலாம். தண்ணீர்த் தாரைக்குக் கீழே பாசி, புகைபோக்கியைச் சுற்றிக் கரி, வண்டிச் சக்கரம் உரசி உரசி மழுங்கிய முனை. டிட்காட்டில் நிஜ அழுக்கைப் பார்த்துவிட்டு வருபவருக்கு, இங்கே எது எங்கிருந்து வந்தது என்று புரியும். வரிசையை மாற்ற வேண்டாம் என்றது அதற்காகத்தான்.

தூசியே வில்லன்

இதே மியூசியத்தில் இன்னொரு பொக்கிஷம், ‘மேடர் வேலி ரயில்வே’. ஜான் அஹெர்ன் என்பவர் 1930-களின் கடைசியில் லண்டனில் தன் வீட்டில் கட்டத் தொடங்கியது. அதுவரை மாடல் ரயில் என்றால் தண்டவாளமும் ஸ்டேஷனும்தான் முக்கியம். சுற்றிலும் ஊர், மலை, துறைமுகம், சந்து பொந்து என்று முழு நிலப்பரப்பையும் ஒரு கற்பனை மாவட்டமாகப் படைத்துக் காட்டிய முன்னோடி அஹெர்ன். மேடர்போர்ட், காமன் மேக்னா என்று ஊர்ப்பெயர்கள்கூட அவர் வைத்தவை. இன்று உலகம் முழுக்க வீட்டு மாடிகளில் குட்டி ஊர் கட்டும் எல்லோருக்கும் அவர் ஒரு வகையில் தாத்தா. 1961-ல் அவர் காலமான பிறகு, அந்த ஊர் முழுதும் பெண்டனுக்கு வந்து சேர்ந்தது.

ராயின் வீடுகளுக்குப் பக்கத்தில் வைத்துப் பார்த்தால், அஹெர்னின் வீடுகள் கொஞ்சம் கரடுமுரடுதான். ஆனால் உயிர் இருக்கிறது. சாய்ந்த கூரை, சுருங்கிய சந்து, எங்கோ அவசரமாகப் போகும் குட்டி இன்ஜின் என்று ஒரு குறும்பு. துல்லியத்தில் ராய் ஜெயிக்கலாம். வெகுநேரம் நிற்க வைப்பது அஹெர்ன்தான்.

இங்கேதான் ஒரு சிக்கல். அஹெர்ன் பூசிய செயற்கை அழுக்குக்கு இப்போது நிஜ வயது 80-ஐத் தாண்டுகிறது. அட்டை வளைகிறது. வாட்டர்கலர் வெளிச்சம் பட்டால் வெளுக்கும். வண்டியை ஓட்டினால் 80 வருட இன்ஜின் தேயும், ஓட்டாமல் வைத்தால் அது ரயிலே இல்லை. அதனால் எப்போதாவதுதான் ஓட்டுகிறார்கள். வெளுத்த சுவருக்குப் புதிதாக வண்ணம் தீட்டினால் அது அஹெர்னின் சுவரா, இன்னொருவர் சுவரா? பழைய கோயில் ஓவியங்களுக்கு முன்னால் நிற்கும் அதே கேள்விதான்.

தூசி இன்னொரு தலைவலி. பார்வையாளர்களின் சட்டையிலிருந்து உதிரும் பஞ்சு, அந்தக் குட்டி உலகத்தில் ரோட்டின் குறுக்கே விழுந்த கயிறு. மணல் துகள் ஒன்று, கருங்கல் துண்டு. பிரஷ்ஷால் மாதக்கணக்கில் பூசிய பொய்த் தூசியைக் கலைக்காமல், மேலே படியும் நிஜத் தூசியை மட்டும் எடுக்க வேண்டும். முட்டைக்கோஸ் பாத்தியையும் சேர்த்துத்தான்!

அதே பள்ளத்தாக்கில், அஃபிங்டன் ஊர் மலைச்சரிவில் சுமார் 3,000 வருடப் பழைமையான வெள்ளைக் குதிரை உருவம் இருக்கிறது. 110 மீட்டர் நீளம். பள்ளம் தோண்டிச் சுண்ணாம்பை இடித்து நிரப்பியது. சும்மா விட்டால் சில வருடங்களில் புல் மூடிவிடும். ஊர்க்காரர்கள் தலைமுறை தலைமுறையாகச் சுரண்டிச் சுத்தம் செய்து, புதுச் சுண்ணாம்பு போட்டு வைத்திருக்கிறார்கள். அங்கே அழுக்கை எடுத்துக் காப்பாற்றுகிறார்கள், இங்கே அழுக்கைப் பூசிக் காப்பாற்றுகிறார்கள்.

போகிறவர்களுக்கு...

பெண்டன் எல்லா நாளும் திறந்திருக்காது. கிளம்புவதற்கு முன் இணையத்தில் நாள், நேரம் பார்த்துக்கொள்வது அவசியம். குழந்தைகள் வந்தால் ஒரு சின்ன பைனாகுலர் கொண்டுபோகலாம். தூரத்து வீடுகளின் ஜன்னல்தான் அவர்களுக்கு வேடிக்கை. ரயில் வரும்போது ரயிலைப் பார்க்காமல், அது கடந்து போகும் வீட்டுத் தோட்டத்தைப் பார்க்கச் சொல்லுங்கள்.

திரும்பும் வழியில் டிட்காட்டில் ஒன்றைக் கவனிக்கலாம், அல்லது கவனிக்க அங்கே ஒன்றும் இல்லை. ஊருக்கே அடையாளமாக நின்ற நிலக்கரி மின்நிலையத்தின் ஆறு ராட்சதக் குளிர்விப்புக் கோபுரங்களில் மூன்றை 2014-லும், மீதி மூன்றை 2019-லும் வெடி வைத்துத் தகர்த்துவிட்டார்கள். வானம் காலியாக இருக்கிறது. பெண்டனின் பள்ளத்தாக்கு 1930-களோடு நின்றுவிடுவதால், அங்கேயும் அந்தக் கோபுரங்களுக்கு இடமில்லை. யாராவது அவற்றை மாடலாகச் செய்ய நினைத்தால், கான்கிரீட்டில் மழைத்தண்ணீர் இறங்கிய கறைகள் எந்தப் பக்கம் இருந்தன என்பதைப் பழைய போட்டோக்களில்தான் தேட வேண்டும்.